முதலில் கோப்பு எங்கே இருக்கிறது?

விண்டோஸில் பாஷ் (லினக்ஸ் பாணியில் கட்டளை தட்டும் ஷெல்) வேண்டும் என்று யார் கேட்டாலும் "டபிள்யூஎஸ்எல் போட்டுக்கோ" என்பதுதான் இப்போது பதில். டபிள்யூஎஸ்எல் என்பது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வேலை செய்யப்போகும் கோப்புகள் எந்தப் பக்கம் இருக்கின்றன?

என் பிழைப்பில் பாதி, நிரல்கள் எழுதிவைக்கும் பதிவுகளான லாக் கோப்புகளைக் குடைவது. அவை வந்து விழுவது சி டிரைவில். இப்போதைய பதிப்பான டபிள்யூஎஸ்எல் 2 ஓட்டுவது நிஜமான லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு). அதற்கென்று தனி மெய்நிகர் வட்டும் உண்டு. அந்த வட்டுக்குள் எல்லாம் பறக்கும். அங்கிருந்து சி டிரைவைத் தொட்டால் மட்டும் ஒவ்வொரு கோப்பும் 9பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாக வந்தாக வேண்டும். ஆயிரக்கணக்கில் பொடிக் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரில் கிரெப் (சொல் தேடும் கட்டளை) போட்டுப் பாருங்கள், எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். 2016-ல் வந்த பழைய டபிள்யூஎஸ்எல் இந்த ஒரு விஷயத்தில் தேவலாம்.

அதனால் லாக் வேலைக்கு எனக்கு கிட் பாஷ்தான், அதாவது விண்டோஸுக்கான கிட் மென்பொருளோடு வரும் பாஷ். நிர்வாகி அனுமதி இல்லாத ஆபீஸ் லேப்டாப்பிலும் ஓடும். ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. அடியில் இருப்பது யூனிக்ஸ் கருவிகளை விண்டோஸில் ஓடவைக்கும் எம்சிஸ்2, அதன் வேர் 1995-ல் தொடங்கிய சிக்வின். யூனிக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் ஃபோர்க் (ஓடும் நிரல் தன்னையே நகலெடுப்பது) விண்டோஸில் அப்படியே கிடையாது. அதைப் போலச் செய்து காட்ட இவை படாத பாடு படுகின்றன. வரிக்கு ஒரு கட் (cut), ஒரு செட் (sed) என்று உரையை வெட்டி மாற்றும் சிறு நிரல்களை லூப்பில் கூப்பிடும் ஸ்கிரிப்ட் நொண்டியடிக்கும். அதையே, உரையை வரிவரியாக அலசும் ஆக் (awk) மொழியில் ஒரே நிரலாக எழுதினால் சட்டென்று முடிந்துவிடும். லூப்பை விட்டு ஆக் பக்கம் நான் போனதே இந்த மந்தத்தால்தான்.

இன்னொரு வேடிக்கை. விண்டோஸ் நிரல்களுக்குக் கொடுக்கும்போது, சாய்கோட்டில் தொடங்கும் எதையும் கிட் பாஷ் பாதை என்று நினைத்து மாற்றிவிடும். ஆண்ட்ராய்டு போனில், கணினியிலிருந்து கட்டளை அனுப்பும் ஏடிபி வழியாக எஸ்டிகார்டு ஃபோல்டரைப் பட்டியலிடச் சொன்னால், அது கிட் நிறுவிய ஃபோல்டருக்குள் எஸ்டிகார்டைத் தேடச் சொல்லி அனுப்பும்! முன்னால் இரட்டைச் சாய்கோடு போட்டால் அடங்கும்.

கம்பைல் செய்வது, டாக்கர், பைதான் இதெல்லாம் டபிள்யூஎஸ்எல்லில். ரெப்போவை (நிரல் கோப்புகளின் தொகுப்பு) சி டிரைவில் வைத்துக்கொண்டு உள்ளிருந்து எட்டிப் பார்ப்பதில்லை. லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே குளோன் (நகல்). அப்புறம் மெமரி: சும்மா விட்டால் கணினியின் ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ள டபிள்யூஎஸ்எல்லுக்கு உரிமை உண்டு. டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக் கோப்பில் உச்சவரம்பு ஒன்று எழுதிவைத்துவிடுங்கள்.