அட்ரினலின் போடச் சொன்னேன், யார் கையிலும் ஊசி இல்லை

"ஒரு நிமிஷத்துக்குள்ள அட்ரினலின் போட்டுட்டோம் மேடம்" என்று நான் அடித்துச் சொன்னேன். பொய் சொல்லவில்லை, என் நினைவில் அப்படித்தான் இருந்தது. பிறகு வீடியோவை ஓட்டினார்கள். மருந்தின் பெயரை நான் சொன்னது 1 நிமிடம் 20 விநாடியில். ஊசி பயிற்சிப் பொம்மையான மேனிகினின் தொடையில் இறங்கியது 5 நிமிடம் 5 விநாடியில். இடையில் இருந்த அந்த மூன்றே முக்கால் நிமிடம் என் நினைவில் எங்கேயுமே இல்லை.

அவசர மருத்துவ முதுநிலைப் படிப்பில் அப்போது எனக்கு முதல் வருடம். அன்று சிமுலேஷன் பயிற்சி, நிஜ நோயாளிக்குப் பதில் பொம்மையை வைத்து நெருக்கடியைச் சமாளித்துப் பழகுவது. சினாரியோவில் சிக்கல் எதுவும் கிடையாது: 32 வயதுப் பெண், ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சுத் திணறல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் மேனிகினுக்குள் இருந்த ஸ்பீக்கர் வழியாக "தொண்டை அடைக்குது டாக்டர்" என்றார். முதல் பத்து விநாடி இது பொம்மை என்ற எண்ணம் இருந்தது. அப்புறம் ரத்த அழுத்தம் 70-க்கு வந்து, ஆக்சிஜன் குறையக் குறைய மானிட்டரின் பீப் சத்தம் சுருதி இறங்கிக்கொண்டே போனதும் அந்த எண்ணம் போய்விட்டது, கை வியர்த்தது. உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி, அனாஃபிலாக்சிஸ் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆக்சிஜன், சலைன், அலர்ஜி ஊசி, ஸ்டீராய்டு, அட்ரினலின் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், கண் மானிட்டரை விட்டு நகரவில்லை. இருந்த இரண்டு நர்ஸ்களில் ஒருவர் ரத்தக்குழாயில் கேனுலா போட்டுக்கொண்டிருந்தார், இன்னொருவர் ஸ்டீராய்டு பவுடரைக் கலக்கிக்கொண்டிருந்தார். அட்ரினலினை அவர் எடுப்பார் என்று இவரும், இவர் எடுப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். அனாஃபிலாக்சிஸில் முதலில் போக வேண்டியது அட்ரினலின்தான், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசைக்குள், சரியாகவில்லை என்றால் 5 நிமிடத்தில் இன்னொரு தடவை. மற்ற எதுவும் அதற்கு ஈடு கிடையாது. இது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். தெரிந்தும் அது நான்காவதாகத்தான் போனது.

டிப்ரீஃபிங்கில், அதாவது பயிற்சி முடிந்ததும் நடந்ததை அலசும் பேச்சில், திட்டு விழும் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். பயிற்சி நடத்திய மேடம் கேட்டது இதுதான்: "1:20-ல நீங்க அட்ரினலின்னு சொன்னதைப் பார்த்தேன். யார் முகத்தையும் பார்த்துச் சொல்லலை. அதனால அந்த வேலை யார் கைக்கும் போய்ச் சேரலையோன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு. அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடுச்சு?" பார்த்ததைச் சொல்லி, அது தனக்கு ஏன் உறுத்தியது என்பதையும் மறைக்காமல் சொல்லி, பிறகு உண்மையாகவே கேட்பது. பாஸ்டனில் ஜென்னி ருடால்ஃபும் உடன் இருந்தவர்களும் 2006-இல் எழுதி வைத்த முறை இது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். "ஏன் இப்படிப் பண்ணினீங்க" என்று கேட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். இந்தக் கேள்விக்குச் சமாளிக்க முடியவில்லை. யோசித்து, "சொல்லிட்டா நடந்துடும்னு நினைச்சேன் மேடம்" என்றேன். என் தவறு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

ஸ்டான்ஃபோர்டில் மயக்க மருத்துவரான டேவிட் காபா 1980-களில் சிமுலேட்டர் கட்டியபோது விமானிகளின் பயிற்சியிலிருந்து எடுத்துக்கொண்ட விஷயமும் இதைச் சுற்றித்தான்: தனியாள் அறிவு போதாது, அந்த அறிவு குழுவுக்குள் எப்படிப் போய்வருகிறது என்பதையும் பழக வேண்டும். அன்று மதியம் அதே சினாரியோவை மறுபடி செய்தோம், வேறு விதமாக. தப்பு நடந்த உடனே நிறுத்துவார்கள், "பத்து விநாடி பின்னால போங்க, திரும்பச் செய்ங்க" என்பார்கள், சரியாக வரும்வரை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எலிசபெத் ஹன்ட் குழு 2014-இல் வெளியிட்ட பயிற்சி முறை அது. பெயர் சொல்லிக் கூப்பிடு, மருந்து, அளவு, எந்த வழி, போட்டதும் சொல்லு. கேட்ட நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்வார். போட்டதும் நேரத்தோடு சொல்வார். ஆறாவது தடவை என் வாய் தானாகவே அப்படிப் பேசியது.

தீசிஸுக்குத் தலைப்பு தேட வேண்டியிருந்தபோது எனக்கு வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. அறுவை அரங்கில் வரும் நெருக்கடிகளுக்கு செக்லிஸ்ட் உதவுமா என்று பார்த்து 2013-இல் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது, 17 குழுக்கள், 106 சிமுலேட்டட் நெருக்கடிகள். செக்லிஸ்ட் கையில் இருந்தபோது விட்டுப்போன படிகள் 6 சதவீதம், இல்லாதபோது 23. நிஜ நோயாளியிடம் யாரும் இப்படி ஒரு சோதனை செய்ய முடியாது, அப்படிப்பட்ட நெருக்கடி எப்போது வரும் என்று காத்திருக்கவும் முடியாது. சிமுலேஷனை ஆய்வுக்கருவியாக எடுக்க எனக்கு அதுவே போதுமான காரணம். அனாஃபிலாக்சிஸுக்கு ஒரு செக்லிஸ்ட் அட்டை தயாரித்து, அது கையில் இருந்தால் அட்ரினலின் போகும் நேரம் குறைகிறதா என்று பார்ப்பது என் கேள்வி.

கேள்வி சுலபம், அளப்பதுதான் பெரும்பாடு. பைலட்டில், அதாவது முன்னோட்டச் சோதனையில், வந்த முதல் குழு அனாஃபிலாக்சிஸ் என்றே பிடிக்கவில்லை, ஆஸ்துமா என்று நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டால், "தோல்ல ஒண்ணுமே இல்லையே சார்" என்றார்கள். ரப்பர் தோலில் தடிப்பு வராதே! தோலில் அடையாளமே இல்லாத அனாஃபிலாக்சிஸ் நிஜத்திலும் உண்டு, 10 முதல் 20 சதவீதம் பேருக்கு. ஆனால் நான் கேட்க வந்தது அந்தக் கடினமான கேள்வியை அல்ல. தப்பு குழுவுடையதா, என் மேனிகினுடையதா என்று பிரிக்க முடியாத டேட்டாவை வைத்து என்ன செய்வது? அதற்கப்புறம் மேனிகினின் கழுத்திலும் மார்பிலும் சிவப்புச் சாயம் தொட்டுத் தடிப்பு வரைந்தோம், எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி இருக்க போட்டோ எடுத்துவைத்து அதைப் பார்த்து வரைந்தோம்.

அடுத்தது மருந்து. முதலில் "போட்டாச்சு என்று வாயால் சொன்னால் போதும்" என்று வைத்திருந்தேன். பெரிய பிழை. மருந்து இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியான ஆம்பூலைத் தேடி எடுத்து, அதன் கழுத்தை உடைத்து, 1 மில்லியில் 1 மில்லிகிராம் என்று லேபிளைப் படித்து, பாதியை இழுத்து, காற்றை வெளியேற்றுவது வரை எல்லாம் நேரம் தின்னும் வேலை, அளக்க வந்ததே அந்த நேரத்தைத்தான். தண்ணீர் நிரப்பிய ஆம்பூல்களை வைத்தோம், ஒவ்வொன்றிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று ஒட்டி, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எண்ணினோம். ஒன்று கூட வார்டுக்குள் போய்விடக் கூடாது, இதில் தயவுசெய்து யாரும் அலட்சியமாக இருக்காதீர்கள்.

வீடியோ பார்த்து நேரம் குறிக்க இரண்டு பேர், எந்தக் குழுவிடம் அட்டை இருந்தது என்று முடிந்தவரை தெரியாதபடி அட்டையோ வெறும் தாளோ எல்லார் கையிலும் ஒன்று. இருவரும் தனித்தனியாகக் குறித்ததை ஒப்பிட்டால் பொருந்தவே இல்லை. ஒருவர் ஆம்பூல் உடைந்ததை 'கொடுத்த நேரம்' என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் பிஸ்டனை அழுத்தியதை. ஊசி முனை தொடையைத் தொடும் நொடி என்று வரையறை எழுதி, எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு வாரம் போனது. அந்த வரையறையை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

எத்திக்ஸ் கமிட்டி கேட்ட ஒரு கேள்வியை நான் யோசித்திருக்கவே இல்லை: பங்கெடுப்பவர்கள் என் ஜூனியர்கள், மாட்டேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்வார்களா? சரியான கேள்வி. ஒப்புதல் வாங்கும் வேலையை, மதிப்பெண்ணோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுத்தோம், வீடியோவை எப்போது அழிப்போம் என்பதையும் படிவத்தில் எழுதினோம். சிமுலேஷன் ஆய்வை எப்படி எழுத வேண்டும் என்று 2016-இல் கன்சார்ட்டுக்கு (மருத்துவச் சோதனைகளை எழுதுவதற்கான வழிகாட்டி) ஒரு நீட்சி வந்தது, அதைத் தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். மேனிகின் மாடல் முதல் டிப்ரீஃபிங் நடந்த விதம் வரை கேட்கும், பின்னால் போய் நினைவிலிருந்து நிரப்ப முடியாது. நினைவு எப்படிப்பட்டது என்றுதான் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேனே.

லேபில் முடித்தபின் மேடம், "இதையே டிபார்ட்மென்ட்லயும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க" என்றார். இரண்டு தடவை ரத்தானது, நோயாளிகள் நிறைந்திருந்தால் நடத்தக் கூடாது என்று நாங்களே விதி வைத்திருந்தோம். மூன்றாவது நாள் காலை நடத்தினோம். இந்தத் தடவை டீம் லீடர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சிஸ்டர் திருப்பிச் சொன்னார், எல்லாம் சரியாகப் போனது. அவசர மருந்து வண்டியான கிராஷ் கார்ட்டின் மேல் டிராயரில் ஆம்பூல் கிடைத்தது. 1 மில்லி சிரிஞ்ச் இல்லை. கீழ் டிராயர், அதற்கும் கீழ், பிறகு எதிர்ச் சுவர் அலமாரி. யாரும் தப்பு செய்யவில்லை, பொருள் இருந்த இடம்தான் தப்பு.

அன்று மதியமே அந்த சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் பையில் அட்ரினலின் ஆம்பூல் இரண்டு, 1 மில்லி சிரிஞ்ச் இரண்டு, தசைக்குப் போடும் ஊசி, அளவு எழுதிய அட்டை எல்லாவற்றையும் போட்டு, சிவப்பு டேப் சுற்றி மேல் டிராயரில் வைத்தார். ஷிஃப்ட் தொடங்கும்போது அந்த டேப் பிரியாமல் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று இப்போதும் பார்த்துவிட்டுத்தான் முதல் நோயாளியிடம் போகிறேன்.