தண்டப்பணத்தோடு முடியவில்லை

நேற்றிரவு கனடாவின் ஸ்கார்பரோவில், எங்கள் சமையலறை மேசையில் தம்பி ஒருவன் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். குற்றவாளி எனத் தீர்ப்பானதுண்டா என்ற கேள்வியில் விரல் நின்றுவிட்டது. இரண்டு வருடங்களுக்கு முன் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கு.

"தண்டப்பணம் கட்டிவிட்டேனே அண்ணா, இல்லை என்று போடட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். மறைத்தது தெரிந்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவே 5 ஆண்டுத் தடை. 2018 டிசம்பர் 18 முதல் கனடாவில் அந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறை. நீதிபதி வெறும் அபராதத்தோடு விட்டாலும், குடிவரவுச் சட்டம் உச்சத் தண்டனையைப் பார்த்துப் பாரதூரமான குற்றமென்றே எடுத்துக்கொள்கிறது. இது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்பே குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள், தயவுசெய்து.

தீர்ப்பு நகலோடு இன்று அவனை வழக்கறிஞரிடம் கூட்டிப்போகிறேன். தேநீரைக்கூடத் தொடாமல் வாசலில் நிற்கிறான்.