ஒற்றைப்படைத் தேதி என் முறை

30 மே 2025, வெள்ளி. பாடாங் செராய், மலேசியா

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. அம்மா ஜொகூரில் என் தங்கச்சி வீட்டில் இருக்கிறார், வியாழக்கிழமைதான் வருவார். அதற்குள் பின்பக்க ஸ்டோர் அறையை ஒதுக்கிவிடலாம் என்று இறங்கினேன். பழைய அலுமினியச் சட்டிகள், அப்பாவின் சைக்கிள் பம்பு, துணியில் சுற்றிய, ரப்பர் பால் வெட்டும் கத்தி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சதுர பிஸ்கட் டின். மூடி துருவேறி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பித் திறந்தேன்.

உள்ளே கைலித் துண்டில் சுற்றிய எங்கள் பார்பி.

ரப்பர் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடிக்கும் முன் சாமான்களைத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாற்றினோமே, அந்தக் குழப்பத்தில் போய்விட்டாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அம்மா அவளைப் பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகளும் சின்னவனும் ஓடி வந்தார்கள். முடி சிக்குப் பிடித்துத் தேங்காய் நார் போல் இருந்தது. வலது தொடையில் நீலப் பேனாக் கிறுக்கல். நெற்றி நடுவில் சிவப்பு மையில் ஒரு பொட்டு. மகள் அவளைத் திருப்பி, கைப்பேசி விளக்கை அடித்து, முதுகின் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் படித்தாள். மேட்டல் (பார்பியைச் செய்யும் நிறுவனம்), 1966, மலேசியா.

“1966-ஆ? அப்போ பாட்டியே சின்னப் பிள்ளைதானே?”

அது அந்த உடல் அச்சுக்கு உரிமை பதிந்த ஆண்டு, பொம்மை செய்த ஆண்டு இல்லை என்று விளக்கினேன். பின்தலையில், முடிக்குள் மறைந்து 1976 என்று இருக்கிறது. அது முகத்தின் அச்சு. எங்கள் கைக்கு அவள் வந்தது 1992 தீபாவளிக்கு. சின்னவன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தன் ஹாட் வீல்ஸ் காரை எடுத்து வந்து கவிழ்த்துக் காட்டினான். அதன் அடியிலும் மலேசியா. அந்தக் கார்கள் பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் செய்யப்படுகின்றன, இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது என்றதும் அவனுக்கு வாய் மூடவில்லை.

எங்கள் காலத்தில் விடியலில் பிறைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஃபேக்டரி பஸ் தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா அதில்தான் போவார். அவருக்கு ஏதோ மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. ஆனால் பொம்மையின் முதுகில் ‘மலேசியா’வைப் பார்த்த நாளிலிருந்து, அந்த அக்காதான் எங்களுக்காகச் செய்து அனுப்பினார் என்று தங்கச்சி நம்பினாள். பஸ் போகும்போதெல்லாம் கை காட்டுவாள்.

31 மே, சனி

இன்று முழுக்க முடி.

பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊறவைத்தோம். முதல் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி வந்தது. மூன்று முறை மாற்றினோம். அப்புறம் துணிக்கு ஊற்றும் சாஃப்ட்னரைக் கொஞ்சம் விட்டு அரை மணி நேரம். வாரும்போது வேரிலிருந்து இழுத்தால் கொத்தாகக் கையோடு வந்துவிடும். நுனியில் ஒரு விரற்கடை வாரி, அது அவிழ்ந்த பிறகு அடுத்த விரற்கடை என்று மேலே போக வேண்டும். பிளாஸ்டிக் சீப்பு வேலைக்காகவில்லை. அம்மாவின் இரும்புப் பேன் சீப்புதான் கை கொடுத்தது. மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நகராமல் உட்கார்ந்து வாரினாள். வீட்டுப்பாடத்துக்கு இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடைசியாகக் கொதித்துச் சற்று ஆறிய நீரை முடியில் மட்டும் நான் ஊற்றினேன். செயற்கை இழை சூட்டில் இளகி, ஆறும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே நின்றுவிடும். நேராக வாரித் துண்டில் சுற்றி வைத்தோம். மாலையில் பிரித்தபோது மினுங்கியது.

அவள் வந்த அதே 1992-இல்தான் கால்வரை முடி தொங்கும் பார்பி வந்தாள். உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்றவள். பட்டர்வொர்த் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள். தங்கச்சி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். அம்மா எங்களுக்கு வாங்கியது நீச்சல் உடை போட்ட மலிவு வகை. கூட்டு (சீட்டு) எடுத்த பணத்தில் வாங்கினார். அவருக்கு அது மூன்று நாள் சம்பளம். மலிவு என்ற சொல்லே அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பொம்மை ஒன்று, பிள்ளைகள் இரண்டு. அப்பா ஒரு சட்டம் போட்டார். ஒற்றைப்படைத் தேதி எனக்கு, இரட்டைப்படைத் தேதி தங்கச்சிக்கு. எனக்கு அப்போது 9 வயது, அவளுக்கு 6. 31 நாள் வரும் மாதங்களில் 31-ம் எனக்கு, மறுநாள் 1-ம் எனக்கு. அதை அவள் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அழுகை. நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. இன்று தேதி 31 என்று இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

1 ஜூன், ஞாயிறு

கால்கள் பிசுபிசுக்கின்றன. பிவிசி வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் பொருள் காலப்போக்கில் மேலே கசிந்து வருவதால் இப்படி ஆகுமாம். சோப்பு நீரில் துடைத்து, உலர்த்தி, சோள மாவைத் தடவி எடுத்தோம். இப்போதைக்குப் பரவாயில்லை.

பேனா மைக்குப் பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு கிரீம். அதை மை மேல் பூசி, காய்ந்துபோகாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயிலில் வைக்க வேண்டும். சில நாளில் சாயம் வெளுக்கும். அதிகம் போனால் பொம்மையின் நிறமே வெளுத்துவிடும், எனவே மாலையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தொடைக் கிறுக்கலுக்குப் பூசினேன். நெற்றிப் பொட்டுக்கும் பூசினேன்.

அந்தப் பொட்டால் நடந்தது பெரிய சண்டை. பொம்மை வந்த மூன்றாம் நாள் காலை எழுந்து பார்க்கிறேன், நெற்றியில் சிவப்பு மை. என் பள்ளிப் பையில் சிவப்புப் பேனா மூடியில்லாமல் கிடக்கிறது. வேறு யார்? தங்கச்சியைத் தொடையில் திருகிக் கிள்ளினேன். “நான் இல்லக்கா, நான் இல்லக்கா” என்று அஞ்சடியில் (வீட்டு முன் திண்ணையில்) உருண்டு அழுதாள். நான் நம்பவில்லை.

2 ஜூன், திங்கள்

மாமன்னர் பிறந்தநாள் விடுமுறை. பொம்மை ஜன்னல் ஓரம் வெயிலில், நாங்கள் கூடத்தில். இன்று வீடு கட்டினோம்.

மகள் யூடியூபில் மூன்று மாடி வைத்த பார்பி மாளிகையைப் பார்த்து, அது மாதிரி வேண்டும் என்றாள். அதன் விலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம். ஆனால் அவளிடம் நான் விலையைப் பேசவில்லை, கதையைச் சொன்னேன். ரூத் ஹாண்ட்லர் என்ற அம்மா, தன் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளைப் பெரிய பெண்களாக வைத்து விளையாடுவதைக் கவனித்தார். அப்போது பிள்ளைகளுக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் குழந்தைப் பொம்மைகள். 1959 மார்ச் 9-ஆம் தேதி நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி வந்தாள். மகள் பெயர் பார்பிக்கு, மகன் பெயர் 1961-இல் வந்த கென்னுக்கு. 1962-இல் பார்பிக்கு முதல் வீடு வந்தது. அது முழுக்க அட்டை. மடித்துத் தூக்கிப் போகலாம். ஒரே அறை, ஒரு கட்டில், அட்டையிலேயே தொலைக்காட்சி. சமையலறையே கிடையாது.

“அட்டையா?” என்றாள். அப்புறம் மளிகைக் கடையில் போய்ப் பெட்டி கேட்க அவளே கிளம்பிவிட்டாள்.

காகிதப் பொம்மை எங்களுக்கும் இருந்தது. தோட்டத்துக் கடையில் காசுக்கு ஒரு தாள் வாங்கி வெட்டி, சட்டையின் காதுகளைத் தோளுக்குப் பின்னால் மடித்துவிடுவோம். இரண்டாம் நாளே காது கிழிந்துவிடும், சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுவோம்.

என்ன வீடு கட்டலாம் என்று கேட்டேன். “நீங்க இருந்த வீடு” என்றான் சின்னவன். ஆக, லயன் வீடு. பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம். 6-ஆல் பெருக்கினால் 5 அடி 9 அங்குலம், அதாவது நெட்டையான ஒரு பெண். வீட்டையும் 6-ஆல் வகுக்க வேண்டும். எங்கள் முன் அறை பத்தடி என்று ஞாபகம். 120 அங்குலம், வகுத்தால் 20. மகள் அடிக்கோலால் அளந்து கோடு போட்டாள். அஞ்சடிக்கு 10 அங்குலம். பின்னால் சமையல்கட்டு, மூன்று கல் வைத்த விறகடுப்பு, தகரக் கூரைக்குச் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள். வாசலில் பால் வாளி ஒன்று வேண்டும் என்றேன். பாட்டில் மூடியில் துளை போட்டுக் கம்பி கோத்து அவளே செய்தாள்.

இரண்டு கதவுகள் வைக்கச் சொன்னேன். காலை நாலரைக்கு அம்மா பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, கிளம்பும்போது பின்கதவு வழியாகத்தான் போவார், எங்களை எழுப்பாமல்.

3 ஜூன், செவ்வாய்

காலையிலிருந்தே மழை. வெயில் இல்லை, கிரீம் வேலை நடக்கவில்லை.

4 ஜூன், புதன்

நல்ல வெயில். தொடைக் கிறுக்கல் ஏறக்குறைய போய்விட்டது. பொட்டு ரோஜா நிறத்துக்கு வந்திருக்கிறது. நாளை ஒரு நாள் வைத்தால் முழுதாகப் போய்விடும்.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால் விலை ஏறும் என்று வேலையிடத்தில் ஒரு தோழி சொன்னார். விளையாடப் போவதில்லை என்றால் பொம்மை எதற்கு? எங்களுடையவளின் முழங்கால் மடக்கினால் இன்னும் ‘டிக்’ என்று சத்தம் வருகிறது. நான் கேட்டு வளர்ந்த சத்தம். சின்னவன் இன்று அதை நூறு முறை மடக்கியிருப்பான். மடக்கட்டும்.

5 ஜூன், வியாழன்

அம்மா வந்துவிட்டார். பையைக்கூட இறக்கவில்லை, கூடத்தில் அட்டை வீட்டைப் பார்த்து நின்றுவிட்டார். குனிந்து உள்ளே பார்த்தார். “அடுப்பு இந்தப் பக்கம் இல்லம்மா, அந்தப் பக்கம்” என்று மூன்று கல்லையும் மாற்றி வைத்தார். அப்புறம்தான் ஜன்னலில் பொம்மையைக் கண்டார்.

“நெத்தியில என்னத்தடி ஒட்டி வச்சிருக்க?”

மை அழிக்கும் மருந்து என்றேன். தங்கச்சி கிறுக்கின பொட்டு என்றேன்.

“அவ எங்க கிறுக்கினா? நான்ல வச்சேன்.”

எனக்குப் புரியவில்லை. அம்மா பாய் மேல் உட்கார்ந்து, பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னார். விடியலில் பிரட்டுக்குக் கிளம்பும்போது விளக்கு வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார். நாங்கள் இருவரும் தூங்குகிறோம், நடுவில் பொம்மை. “மூணு பொம்பளப் புள்ளைங்க படுத்திருக்கிற மாதிரி இருந்துச்சு. ரெண்டு பேரு நெத்தியில பொட்டு இருக்கு, அது ஒண்ணு மட்டும் வெறும் நெத்தியா கெடக்கு. மனசு கேக்கல. குங்குமம் வச்சுப் பார்த்தேன், அதுல நிக்கல. ஒம்பையில செவப்புப் பேனா இருந்துச்சு.” கிளம்புகிற அவசரத்தில் மூடியை எங்கேயோ போட்டுவிட்டாராம்.

“ஏம்மா அப்போவே சொல்லல? அவள நான் எப்படிக் கிள்ளினேன் தெரியுமா?”

“நீங்க ரெண்டு பேரும் சண்ட போடாத நாளு எது? நான் வேல விட்டு வர்றப்ப அவ தூங்கிட்டா.”

பிளாஸ்டிக் தாளைப் பிரித்துத் துடைத்தேன். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு வட்டம் மிச்சம். இன்னொரு நாள் வெயிலில் வைத்திருந்தால் அதுவும் போயிருக்கும். அந்தக் கிரீம் குழாயை அப்படியே குப்பையில் போட்டேன். இரவு தூக்கம் வரவில்லை.

6 ஜூன், வெள்ளி

அம்மா காலையிலேயே தன் பழைய நைலக்ஸ் சேலை ஒன்றை எடுத்து வெட்டினார். சேலை ஐந்தரை மீட்டர், 6-ஆல் வகுத்தால் 90 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலம் 19 என்று மகள் கணக்குச் சொன்னாள். நூல் சேலையில் முன்பு நாங்கள் கட்டிப் பார்த்திருக்கிறோம். துணி சிறிதானாலும் அதன் விறைப்பு குறையாதே, கொசுவம் குடைபோல் விரிந்து நிற்கும். நைலக்ஸ் மெல்லியது, படிந்து விழுந்தது. ஏழு கொசுவம். அம்மாவின் விரல்கள் முன்போல மடங்குவதில்லை, ஆனாலும் ஏழும் ஒரே அளவு. பிறகு தன் ஒட்டுப் பொட்டு அட்டையில் ஆகச் சிறியதைப் பிரித்து, அந்த வெளிறிய வட்டத்தின் மேல் சரியாக வைத்து அழுத்தினார்.

மதியம் தங்கச்சிக்கு வீடியோ அழைப்பு போட்டேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பொம்மையைத்தான் முதலில் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சொன்னதைச் சொன்னேன். கிள்ளியது தப்பு, நம்பாதது அதைவிடத் தப்பு, மன்னிச்சுக்கோ என்றேன்.

“நான் இல்லன்னு அன்னிக்கே சொன்னேனே அக்கா” என்றாள். கண் துடைத்தாள். அப்புறம் சுவரில் தொங்கும் நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னிக்கு தேதி 6. என் முறை. அவள நீ வாராத, கீழ வை.”

வைத்துவிட்டேன்.

8 ஜூன், ஞாயிறு

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். அடுத்த வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) ரெண்டாங் இறைச்சிக் கறி கொடுத்தனுப்பினார். அவருடைய பேத்தியும் தன் பொம்மையோடு வந்து லயன் வீட்டில் ஒரு நாள் குடியிருந்துவிட்டுப் போனாள்.

இன்று பிள்ளைகளுக்குள் யார் வைத்துக்கொள்வது என்று தகராறு வரும்போலிருந்தது. அப்பாவின் சட்டத்தைச் சொன்னேன், அதிலிருந்த ஓட்டையையும் சொன்னேன். மகள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். ஒற்றைப்படை தனக்கு, இரட்டைப்படை தம்பிக்கு என்று எழுதி, அட்டை வீட்டின் பின்கதவில் ஒட்டியிருக்கிறாள். கடைசி வரியில், 31-ஆம் தேதிக்கு எதிரே, ‘பாட்டி’.