அடுத்தடுத்த வீடு, வேறு வேறு தண்ணீர்

வங்கதேசத்துக் கிராமங்களில் அடிபம்புகளுக்குச் சிவப்பு அல்லது பச்சை வண்ணம் பூசப்பட்டிருக்கும். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் என்னும் நச்சு இருந்தால் சிவப்பு, இல்லையெனில் பச்சை. (உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10 என்பதால், பச்சையையும் முழுதாக நம்ப எனக்கு மனம் வரவில்லை.) டாக்கா, கொலம்பியா பல்கலைக்கழகங்கள் அந்நாட்டின் அராய்ஹஜார் பகுதியில் ஆயிரக்கணக்கான கிணறுகளைச் சோதித்தபோது, அடுத்தடுத்த வீடுகளின் கிணறுகளிலேயே அளவு பெரிதும் வேறுபட்டது.

இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில், மணல் துகள்களின் மீதுள்ள இரும்பு ஆக்சைடு (துரு போன்ற) படலத்தில் ஆர்சனிக் ஒட்டியிருக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோன ஆழத்தில் நுண்ணுயிரிகள் மக்கிய தாவரம் போன்ற கரிமப்பொருளை உண்டு, ஆக்சிஜனுக்குப் பதிலாக அந்த இரும்பைக் கொண்டு சுவாசிப்பதால், இரும்பு கரைந்து ஆர்சனிக்கும் நீரில் இறங்கிவிடுகிறது. ஆகவேதான் கிணறு தோண்டுவோர் அந்தப் படலம் கரைந்துபோன சாம்பல் நிற மணலை ஐயத்தோடும், படலம் இன்னும் ஒட்டியுள்ள செம்பழுப்பு மணலை ஓரளவு நம்பிக்கையோடும் பார்க்கின்றனர்.

வேதியியல் இவ்வளவு தெளிவாக இருந்தும், அந்தக் கரிமம் எங்கிருந்து, எந்த நீரோட்டத்தோடு வருகிறது என்பதில்தான் சிக்கல். வங்கதேசத்தின் முன்ஷிகஞ்சில் ஆய்வு செய்த, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு, பாசனத்துக்காக நீர் இறைப்பதே புதிய கரிமத்தைக் கீழே இழுத்துச் செல்வதாக 2002-இல் எழுதியது. வண்டலிலேயே புதைந்துள்ள கரிமம் போதும் என்று வேறு சிலர் மறுத்தனர். 2010-இல் அதே குழுவினர், நெல்வயல்களிலிருந்து இறங்கும் நீரைவிடக் குளங்களிலிருந்து கசியும் நீரே ஆர்சனிக்கைக் கரைக்கும் கரிமத்தைச் சுமந்து செல்கிறது என்றனர்.