11 61-ஆ, 11 67-ஆ?

என் பழைய ஹெரால்டு காருக்கு வாங்கிய டிஸ்ட்ரிபியூட்டரில் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் உருப்படி) அடித்திருந்த தேதியை ஒருவழியாகப் படித்துவிட்டேன். 61 இல்லை, 67. '61 மாடலில் இருந்து கழற்றினது சார், கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க' என்று புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தையில் என் தலையில் கட்டிய மகராசன் நன்றாக இருக்கட்டும்.

வண்டி ஆர்.சி. புத்தகத்தில் 1962. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ சி40 ரகம், அதன் இரும்பு உடம்பில் 9 61 என்று பளிச்சென்று இருக்கிறது. அதற்கு ஜோடியாக ஒரு 25டி4 ரக டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும் என்றுதான் இத்தனை அலைச்சல்.

இரண்டையும் செய்த இங்கிலாந்துக் கம்பெனி லூகாஸ். அதன் தேதியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதில் உள்ள வம்பு தெரியும். 60களின் தொடக்கத்து உருப்படிகளில் மாதமும் ஆண்டும். பிற்பாடு வாரமும் ஆண்டும். முதல் எண் 13 அல்லது அதற்கு மேல் என்றால் பேச்சே இல்லை, வாரம்தான். 12க்குள் வந்தால்தான் தலைவலி. எனக்கு வாய்த்தது 11. கடைசி எண் 1 என்றால் 1961 நவம்பர், வண்டிக்குக் கனகச்சிதம். அதுவே 7 என்றால் 1967இன் 11ஆவது வாரம், அதாவது மார்ச் நடுவில். அந்தக் கடைசி எண்ணின் தலையில் ஒரு சின்னக் கோடு இருக்கிறதா இல்லையா என்பதில் ஆண்டும் போகிறது, மாதமும் போகிறது.

அந்தத் தலைதான் அடிபட்டுத் தேய்ந்திருந்தது. போதாததற்கு சில்வர் பெயிண்ட் மேல் சில்வர் பெயிண்டாக அப்பி வைத்திருந்தார்கள். உடம்பு அலுமினிய வார்ப்பு என்பதால் காஸ்டிக் சோடா பக்கமே போகக்கூடாது, அலுமினியத்தையே தின்றுவிடும். ஒயர் பிரஷ், உப்புத்தாள் இரண்டும் அதைவிட மோசம். எண்ணின் ஓரம் மழுங்கிப்போனால் அப்புறம் எந்த வித்தையும் பலிக்காது. தின்னரில் நனைத்த பஞ்சை ஒட்டிவைத்து, காய்ந்துபோகாமல் இருக்க மேலே பாலித்தீனைச் சுற்றி ஊறவிட்டேன். பிறகு மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, பள்ளத்தில் இருந்த பெயிண்டை நெம்பி நெம்பி எடுத்தேன். குண்டூசியை எடுக்கக் கை துறுதுறுக்கும், வேண்டாம். ஊசி புதிதாக ஒரு கோடு போட்டுவிடும், அதையும் தேதி என்று படித்துக்கொண்டு இருப்போம்.

சாக்பீஸ் பொடி தேய்க்கச் சொல்வார்கள். கறுத்த இரும்புக்கு அது சரி, வெளுத்த அலுமினியத்தில் எடுபடவில்லை. பென்சில் கரியைத் தூளாக்கித் தடவி, மேலாகத் துடைத்தபோதுதான் பள்ளம் மட்டும் கறுப்பாக நின்றது. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கிட்டத்தட்ட படுக்கவைத்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். தலைக்கோடு அப்போதும் தெரியவில்லை. ஆனால் விடை பக்கத்திலேயே இருந்தது: முதலில் உள்ள இரண்டு 1-ம் செங்குத்து. கடைசிக் கோடு மட்டும் கீழே போகப் போக இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த 1 எங்காவது உண்டா? 7-தான்.

செவர்லே வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். அவருடைய இஞ்சின் வார்ப்பில் ஜனவரிக்கு ஏ, டிசம்பருக்கு எல் என்று மாதம் சந்தேகமில்லாமல் இருக்கிறது. ஆண்டுக்குத்தான் கடைசி இலக்கம் ஒன்றே ஒன்று. 57-ஆ 67-ஆ என்று அவர் வேறு வழியில் தேடவேண்டும். ஆளுக்கு ஒரு கஷ்டம்.

67 என்றாலும் இதைத் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. ஷாஃப்டில் துளி ஆட்டம் இல்லை, இந்த வயதில் அது கிடைக்காத சமாச்சாரம். சென்னைப் பாடியில் லூகாஸின் இந்தியக் கூட்டு நிறுவனமான லூகாஸ்-டிவிஎஸ் 1961லேயே தொடங்கிவிட்டது. அதற்கப்புறம் ஆறு வருஷம் கழித்து அடித்த இங்கிலாந்துச் சரக்கு எப்படிச் சென்னைக்கு வந்து சேர்ந்தது என்பது தனிக் கதையாக இருக்கும். இப்போதைக்கு ஓடட்டும். 61-ஐ நிதானமாகத் தேடிக்கொள்ளலாம். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பெயிண்ட் அடிக்காததாகப் பார்த்து.

இன்னும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் இடைவெளிகூட வைக்கவில்லை, அதற்குள் மனசு செல்ஃப் மோட்டாருக்குப் போய்விட்டது. அதன் உடம்பிலும் தேதி இருக்க வேண்டும், ஆனால் எண்கள் இஞ்சின் பக்கம் திரும்பியிருக்கின்றன, கழற்றினால்தான் தெரியும். டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியின் அடித்தகட்டையும் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியைப் பற்றிக் கேட்காதீர்கள். டயரில் தேதி மூன்றே இலக்கம், அப்படியென்றால் 2000க்கு முந்தையது. அதையும் 'புதுசு' என்றுதான் விற்றார்கள், வேறொரு கடையில்.