12 வீடு, ஒரே கேட்

காலை எட்டேகாலுக்கு எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்து பைக்கை எடுக்க முடியாது. நாகர்கோவிலில் வடசேரியை ஒட்டிய தெரு, 20 அடி அகலம். ஸ்கூல் வேன் நடுரோட்டில் நிற்கும். அதன் முதுகில் கேஸ் ஆட்டோ. எதிர் அடுக்குமாடியின் அடியிலிருந்து ஒரு கார் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும். வேன்காரர் ரிவர்ஸ் எடுக்க, பின்னால் நாலு ஸ்கூட்டி ஒதுங்க, சாயாவைக் குடித்து முடிக்கிறவரைக்கும் அதே கோலம்தான்.

கோபப்படலாம் என்றால் முடியவில்லை. அந்தக் கட்டடத்துக்குப் பிளான் வரைந்ததே நான்தான்.

பழைய ஓட்டு வீடும் ஒரு அயனி மரமும் நின்ற மனை. இடித்துவிட்டு கீழே பார்க்கிங், மேலே 3 மாடி, 12 வீடு. கார்க் கட்டங்களைத் தூணில் இடிக்காமல் போட்டுக் கொடுத்ததில் அப்போது எனக்கு ஒரு பெருமைகூட. வண்டிகள் ராத்திரி எங்கே நிற்கும் என்று அளந்தேன். காலையில் அத்தனையும் ஒரே அரைமணி நேரத்தில் கிளம்பும் என்பது ஸ்கேலுக்குள் வரவில்லை.

ஊருக்குள் அடுக்குமாடி வரக்கூடாது என்கிற கட்சி அல்ல நான். 2011 கணக்கெடுப்பில் நம்ம மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர்; தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து இங்கேதான் நெருக்கம். டவுனுக்குள் உயரவில்லை என்றால் ஏலாவில், அதாவது வயலில், மண்ணடித்துத்தான் மனை போடுவார்கள். போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். பிறகு அங்கிருந்து டவுனுக்கு வர ஆளுக்கொரு வண்டி.

சிக்கல் வேறு இடத்தில். 2019-ல் வந்த கட்டட விதிகளில், மனைக்கு முன்னால் ரோடு எத்தனை அடி என்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு கட்டலாம் என்று முடிவாகும். அந்த ரோடு போய் முட்டுகிற ஜங்ஷன் எங்கள் வரைபடத்தில் கிடையாது. 12 வீட்டுக்குப் போய்ப் போக்குவரத்து ஆய்வு எவரும் கேட்கமாட்டார்கள், சரி. இதே தெருவில் இப்போது இப்படி 4 கட்டடம். 48 வீடு ஒரே நாளில் வந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். தனித்தனியாக வந்ததால் தப்பித்துவிட்டோம்.

ரோட்டை அகலமாக்கு என்பார்கள். எங்கே? டவுன் ஜங்ஷனில் நிற்கிற மணிக்கூண்டான மணிமேடை 1893-ல், திருவிதாங்கூர் காலத்தில் எழுந்தது. அதை நகர்த்தச் சொல்ல யாருக்கும் மனசு வராது, எனக்கும்தான். போக்குவரத்துக் கணக்கு போடுகிறவர்கள் ஒரு காரை 1 என்று வைத்தால் பஸ்ஸை ஏறக்குறைய 3 என்று வைப்பார்கள். மூன்று கார் இடத்தில் 50 பேர். ரோடு அதே ரோடுதான்.

அந்தக் கட்டடத்திலேயே வீடு வாங்கிய அத்தானிடம் கேட்டேன்: "பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷ நடை. பைக் எதுக்கு?"

"நீ நடந்து பாருடே. ஓடைக்கு மேல ரெண்டு எடத்துல சிலாப் இல்ல. போன மழைக்கு ஒங்க அக்கா காலு உள்ள போச்சுல்லா."

அக்காவுக்கு 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. அந்த இலவச பஸ்ஸில் ஏறுவதற்கு இப்போது ஆட்டோவில் போகிறாள். எட்டேகால் நெருக்கடியில் அந்த ஆட்டோவும் ஒன்று.

போன வாரம் அடுத்த தெருவில் 8 வீட்டுக்கு ஒரு பிளான் வந்தது. கேட்டை 10 அடி உள்ளே தள்ளி வரைந்தேன். வேன் ரோட்டை மறிக்காமல் நிற்கலாம். மனைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த எடத்துல ஒரு கடை போடலாமே?" என்றார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் இன்னும் போன் பண்ணவில்லை. தாள் மேசைமேல் அப்படியே கிடக்கிறது.