வேலி விலகிய தூரம்

எங்கள் காரைக்குடி வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கற்கள் பாவிய தரை ஓரிடத்தில் இறங்கி, பூவேலையின் கரைக்கோடு விரலளவு விலகி நிற்கிறது. நிலநடுக்கத்துக்குப் பின் நிலப்பிளவை ஆராய்பவர்கள் தேடுவதும் இத்தகைய விலகலைத்தான்: ஒரே கோடாக ஓடிய வேலியோ, வாய்க்கால் கரையோ, சாலையோ எங்கே அறுபட்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை, மழையும் ஏரும் தடயத்தை அழிப்பதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஒரு வேலி ஏறத்தாழ 5 மீட்டர் விலகியது.

ஆனால் எல்லாப் பிளவும் முகங்காட்டுவதில்லை. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் அத்தனை அழிவு நேர்ந்தும், நிலநடுக்கத்தை உண்டாக்கிய முதன்மைப் பிளவு தரையைக் கிழித்து வெளிவரவில்லை. அங்கே காணப்பட்ட வெடிப்புகளில் பல, நீர் ஊறிய மணல் இளகிச் சரிந்ததால் உண்டானவை. இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவதே, என் பார்வையில், அளப்பதைவிடக் கடினமான வேலை.

எங்கள் தரைக்குக் காரணம் எலிவளை என்கிறார் கொத்தனார்.